மூடி வைத்த மடிக்கணினியில் சாவி எங்கே இருக்கிறது? ஸ்லீப், ஹைபர்நேட், ஷட் டவுன்: ஓர் ஒப்பீடு

வாடிக்கையாளர்களின் வரிக் கணக்கு, நோயாளிகளின் பதிவுகள், செய்தி தந்தவர்களின் பெயர்கள் என்று பிறருடைய ரகசியங்களை மடிக்கணினியில் சுமந்து திரிகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: வேலை முடிந்து பையில் வைக்கும்போது ஸ்லீப்பில் போடுவதா, ஹைபர்நேட் செய்வதா, முழுவதும் அணைத்துவிடுவதா? பெரும்பாலும் பேட்டரியையும் வேகத்தையும் வைத்தே பதில் சொல்லப்படுகிறது. பையோடு கணினி காணாமல் போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டால் விடை மாறிவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் ரேமில் (தற்காலிக நினைவகத்தில்) எல்லாம் திறந்தே கிடக்கும். திருத்திக்கொண்டிருந்த ஆவணம், பிரவுசரில் உள்நுழைந்திருப்பதற்கான குக்கிகள், பாஸ்வேர்டு மேனேஜரிலிருந்து நகலெடுத்த கடவுச்சொல், எல்லாவற்றுக்கும் மேலாக, டிஸ்க்கின் குறியாக்கத்தை (என்கிரிப்ஷன்) திறக்கும் சாவி. ஸ்லீப்பில் இவை ரேமிலேயே தங்கிவிடும். ஹைபர்நேட்டில் அப்படியே டிஸ்க்குக்குப் போகும். விண்டோஸில் சி டிரைவில் மறைந்திருக்கும் ஹைபர்ஃபில் என்ற கோப்பு, லினக்ஸில் ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் டிஸ்க் இடம்), மேக்கில் ஸ்லீப்-இமேஜ்: பெயர் வேறு, உள்ளே இருப்பது ஒன்றுதான்.

"என் பாஸ்வேர்டு மேனேஜர் ரகசியங்களை டிஸ்க்குக்குப் போகவிடாது" என்று நம்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. ரேமின் ஒரு பகுதியை ஸ்வாப்புக்குப் போகாமல் பூட்ட லினக்ஸில் எம்லாக் என்ற வசதி உண்டு. ஹைபர்நேட் அந்தப் பூட்டைப் பொருட்படுத்தாமல் ரேமை எழுதிவிடும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. லினக்ஸ் 5.14-இல் வந்த மெம்எஃப்டி-சீக்ரெட் இன்னும் கண்டிப்பானது: அதைப் பயன்படுத்தும் நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் ஹைபர்நேட்டையே நடக்கவிடாது. ஆக, படம் (டிஸ்க்குக்குப் போகும் ரேமின் நகல்) எழுதப்படுமானால் எல்லாமும் எழுதப்படும். அது விழும் இடம் பூட்டிய இடமா என்பதுதான் கேள்வி.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் எதிராளி யார் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கணினியை விற்றுக் காசாக்க நினைக்கும் திருடன் ஒருவகை. அவன் டிஸ்க்கை அழித்துவிட்டு வேறு வேலை பார்ப்பான். உள்ளே இருப்பதற்காகவே கணினியை எடுத்தவன் வேறுவகை. அவனிடம் நேரமும் கருவிகளும் இருக்கும். இந்தக் கட்டுரை இரண்டாமவனை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

ஒவ்வொரு வழியிடமும் நான்கு கேள்விகள் கேட்கலாம்:

- மூடி வைத்திருக்கும்போது டிஸ்க்கின் சாவி எங்கே இருக்கிறது?
- டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் என்ன தெரியும்?
- மறுபடி எழுப்ப, உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கும் ஏதாவது ஒன்று தேவைப்படுகிறதா?
- அன்றாடம் தாங்குமா? நேரம், பேட்டரி, டிஸ்க் இடம் எவ்வளவு போகும்?

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். எரிச்சலூட்டும் பாதுகாப்பை ஒரு மாதத்தில் கைவிட்டுவிடுவோம்.

## வழி 1: ஸ்லீப்

கணினியின் மற்ற பகுதிகள் அடங்கிவிட, ரேமுக்கு மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். திறந்தால் ஓரிரு நொடியில் வேலைக்கு வந்துவிடும். டிஸ்க் குறியாக்கம் போட்டிருந்தாலும் அதன் சாவி ரேமில் உயிரோடு இருக்கும். திரையில் தெரியும் லாக் ஸ்க்ரீன் விண்டோஸோ லினக்ஸோ போட்ட திரை மட்டுமே. ரேமை நேரடியாகப் படிப்பவனுக்கு அது குறுக்கே வராது.

அப்படிப் படிக்க முடியும் என்று 2008-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். மின்சாரத்தைத் துண்டித்தாலும் ரேமில் இருப்பது உடனே அழிவதில்லை. தூசு ஊதும் காற்றுக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, ரேமை மைனஸ் 50 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்தால் நிமிடக்கணக்கில் தங்கும். அதை வேறு கணினியில் மாட்டிச் சாவியைத் தேடி எடுத்தார்கள். ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட மெல்லிய மடிக்கணினிகளில் கழற்றுவது கடினம். ஆனால் கழற்றாமலே, வெளி டிரைவிலிருந்து பூட் செய்து படிக்கும் வழியும் உண்டு. அதைத் தடுக்க வந்த ஃபர்ம்வேர் பாதுகாப்பைத் தாண்ட முடியும் என்று 2018-இல் எஃப்-செக்யூர் நிறுவன ஆய்வாளர்கள் காட்டினார்கள். தண்டர்போல்ட் துளை வழியாகப் பூட்டிய கணினிக்குள் நுழைவதை 2020-இல் வெளிவந்த தண்டர்ஸ்பை ஆய்வு விளக்கியது.

புதிய மடிக்கணினிகளில் இன்னொரு சிக்கல். பலவற்றில் மேலே சொன்ன பழைய வகை ஸ்லீப் (எஸ்3) கிடையாது; மாடர்ன் ஸ்டாண்ட்பை மட்டும்தான். மூடிய பிறகும் கணினி இடையிடையே விழித்து வேலை பார்க்கும். பைக்குள் சூடாவதற்கும் காலையில் பேட்டரி காலியாகக் கிடப்பதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம். உங்களுடையது எந்த வகை என்பதை கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையை "ஸ்லாஷ் ஏ" சேர்த்து ஓட்டினால் காட்டிவிடும்.

எப்போது சரி: கணினி உங்கள் கண்ணெதிரே இருக்கும்போது. மதியச் சாப்பாட்டுக்குப் பூட்டிய அறையில் விட்டுப் போகும்போது. பையில் போட்டு வெளியே எடுத்துச் செல்ல இது உதவாது.

## வழி 2: குறியாக்கம் இல்லாத டிஸ்க்கில் ஹைபர்நேட்

இருப்பதிலேயே மோசம் இதுதான், ஸ்லீப்பைவிடவும். ரேமைப் படிக்கக் குளிர்விக்கும் குப்பியும் திறமையும் வேண்டும். இங்கே டிஸ்க்கைக் கழற்றும் ஸ்க்ரூ டிரைவர் போதும். கோப்பை நகலெடுத்துக்கொண்டு போய் ஆற அமரத் தேடலாம். வெராகிரிப்ட் போன்ற மென்பொருளில் ஒரு தனிப் பெட்டகத்தை மட்டும் பூட்டி வைத்து, விண்டோஸ் இருக்கும் டிரைவைத் திறந்தே வைத்திருப்பவர்கள் இங்கேதான் அடிவாங்குகிறார்கள். பெட்டகம் திறந்திருந்தபோது ஹைபர்நேட் செய்தால், பெட்டகத்தின் சாவியும் ஹைபர்ஃபில் கோப்புக்குள் போய்விடும். வெராகிரிப்டின் அமைப்புகளில், மின்சேமிப்பு நிலைக்குப் போகும்போது பெட்டகங்களைத் தானாக மூடும் தேர்வு இருக்கிறது. குறைந்தபட்சம் அதையாவது போட்டு வையுங்கள்.

படத்தை அழித்தால் போதாதா என்றால், போதாது. லினக்ஸில் ஹைபர்நேட்டிலிருந்து எழுந்த பிறகும் ஸ்வாப்பில் எழுதப்பட்டது, வேறு ஏதாவது அதன் மேலே எழுதப்படும் வரை அங்கேயே கிடக்கும். எஸ்.எஸ்.டி.யில் ஒரு கோப்பின் மேல் மறுபடி எழுதினாலும் அது பழைய இடத்தில்தான் விழும் என்ற உறுதி இல்லை. எழுதிவிட்டுப் பிறகு அழிக்கலாம் என்ற எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். எழுதும்போதே பூட்டி எழுத வேண்டும்.

எப்போது சரி: பிறர் ரகசியம் எதுவும் இல்லாத கணினியில் மட்டும்.

## வழி 3: ஹைபர்நேட், டி.பி.எம். மட்டும் காக்கும் பிட்லாக்கர்

விண்டோஸில் பிட்லாக்கர் என்ற டிஸ்க் குறியாக்க வசதியை இயக்கினால் வழக்கமாகக் கிடைப்பது இந்த அமைப்பு. விண்டோஸ் ஹோம் பதிப்பின் டிவைஸ் என்கிரிப்ஷனும் இதே வகைதான். டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும், ஹைபர்ஃபில்லும் அதற்குள்ளேயே இருக்கும், ரேம் காலி. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் ஒன்றும் தெரியாது. காசுக்காகத் திருடுபவனுக்கு இது தாராளமாகப் போதும்.

குறை எங்கே என்றால், முழுக் கணினியும் கையில் இருப்பவன் பவர் பட்டனை அழுத்தினாலே டி.பி.எம். (கணினிக்குள் சாவியைக் காத்து வைக்கும் சிப்) சாவியைக் கொடுத்துவிடும். உங்களிடம் எதையும் கேட்காது. தனிச் சிப்பாக டி.பி.எம். இருக்கும் கணினிகளில், அது பிராசசருக்குச் சாவியை அனுப்பும் கம்பித்தடத்தை ஒட்டுக்கேட்கலாம். 2024-இல் ஒரு பழைய மடிக்கணினியில், மலிவான ராஸ்பெரி பை பிக்கோ பலகையை வைத்து 43 நொடிக்குள் சாவியை எடுத்துக் காட்டினார் ஓர் ஆய்வாளர். பிராசசருக்குள்ளேயே டி.பி.எம். உள்ள கணினிகளில் ஒட்டுக்கேட்க வெளிக்கம்பி இல்லை. ஆனாலும் யாரையும் கேட்காமல் பூட் ஆகிவிடும் கணினியிடம் எத்தனை முறை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம்.

ஹைபர்நேட்டையே குறிவைத்த ஓட்டை ஒன்றை 2025 ஜனவரி அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் அடைத்தது (சி.வி.இ-2025-21210). டிஸ்க்கில் குறிப்பிட்ட ஒரு துண்டைச் சிதைத்து, ஹைபர்நேட் படத்தைப் பூட்டி எழுதும் வடிகட்டி நிரலை முடக்கிவிட்டால், விண்டோஸ் அந்தப் படத்தைப் பூட்டாமலே எழுதிவிடும். கணினி தானாகப் பூட் ஆகிறது என்பதுதான் இந்தத் தாக்குதலுக்கே அடிப்படை. அப்டேட் போடாத கணினியில் இந்த வழியை நம்ப வேண்டாம்.

எப்போது சரி: விண்டோஸ் ஹோம் வைத்திருப்பவருக்கு, வேறு வழி இல்லாதபோது. பல பேர் பகிரும் அலுவலகக் கணினிக்கு.

## வழி 4: ஹைபர்நேட், தலையில் இருக்கும் கடவுச்சொல்லோடு

என் பரிந்துரை இதுதான். திறந்து வைத்த வேலை அப்படியே திரும்பக் கிடைக்கும். ரேம் காலி, படம் பூட்டிய டிஸ்க்குக்குள். எழுப்ப வேண்டுமானால் உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைத் தட்டியாக வேண்டும்.

### விண்டோஸில்

ப்ரோ, எஜுகேஷன் அல்லது என்டர்பிரைஸ் பதிப்பு தேவை. குரூப் பாலிசி எடிட்டரில் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் கம்போனன்ட்ஸ், பிட்லாக்கர் டிரைவ் என்கிரிப்ஷன், ஆப்பரேட்டிங் சிஸ்டம் டிரைவ்ஸ் என்று வரிசையாகப் போய், "ரெக்வயர் அடிஷனல் ஆதென்டிகேஷன் அட் ஸ்டார்ட்டப்" என்பதை எனேபிள் செய்யுங்கள். அதற்குள் டி.பி.எம். ஸ்டார்ட்டப் பின் எண்ணைக் கட்டாயமாக்கலாம். பிறகு நிர்வாகி உரிமையோடு மேனேஜ்-பிடிஇ கட்டளை மூலம் சி டிரைவுக்கு "டி.பி.எம். அண்ட் பின்" காப்பைச் சேர்க்க வேண்டும்.

பின் எண் குறைந்தது 6 இலக்கம். சின்னதாகத் தோன்றும். ஆனால் டி.பி.எம். 2.0 சிப் 32 தவறான முயற்சிக்குப் பிறகு பூட்டிக்கொள்ளும். அதன்பின் 10 நிமிடத்துக்கு ஒரு முயற்சிதான். நாளுக்கு 144. ஆறு இலக்கத்தில் 10 லட்சம் சேர்க்கைகள் இருப்பதால், எல்லாவற்றையும் முயல ஏறக்குறைய 19 ஆண்டு ஆகும். பிறந்த தேதியை வைத்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.

அடுத்து, கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் மூடியை மூடினால் ஹைபர்நேட் ஆகும்படி மாற்றுங்கள். பலர் தவறவிடும் படி இது. பின் எண் போட்டுவிட்டு மூடியை ஸ்லீப்பிலேயே விட்டிருந்தால், மூடியைத் திறக்கும்போது பின் எண் கேட்கப்படாது. சாவி ரேமில்தான் இருக்கும். "ஸ்லீப்புக்குப் பிறகு 180 நிமிடத்தில் ஹைபர்நேட்" என்ற இடைவழியும் பயன்படாது. பேருந்தில் பை காணாமல் போவது அந்த மூன்று மணி நேரத்துக்குள்தான்.

பிட்லாக்கரைப் புதிதாக இயக்கும்போது, பயன்பாட்டில் உள்ள இடத்தை மட்டும் பூட்டவா, முழு டிரைவையுமா என்று கேட்கும். ஏற்கெனவே ஓடிய கணினி என்றால் முழு டிரைவையும் தேர்ந்தெடுங்கள். இல்லையேல் முன்பு பூட்டாமல் எழுதப்பட்ட ஹைபர்ஃபில்லின் துண்டுகள் காலி இடத்தில் அப்படியே கிடக்கும்.

### லினக்ஸில்

நிறுவும்போதே எல்.வி.எம்.மோடு (டிஸ்க் இடத்தைப் பிரித்துத் தரும் அமைப்பு) குறியாக்கம் என்ற தேர்வை எடுத்து, ஸ்வாப்பையும் அதே லக்ஸ் (லினக்ஸின் டிஸ்க் குறியாக்கம்) பெட்டகத்துக்குள் வைப்பது எளிய வழி. ஹைபர்நேட்டிலிருந்து எழும்போது முதலில் லக்ஸ் கடவுச்சொல் கேட்கும், பிறகே படம் படிக்கப்படும். 16 ஜி.பி. ரேமுக்கு 16 ஜி.பி. ஸ்வாப் வைத்தால் கவலை இல்லை. கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வழக்கமாகப் படத்தை ரேமின் ஐந்தில் இரண்டு பங்குக்குள் அடக்கப் பார்க்கும் என்றாலும், நிரம்பிய நாளில் இடம் போதாமல் ஹைபர்நேட் பாதியில் நின்றுவிடக்கூடாது. பூட் ஆகும்போது கெர்னலுக்குத் தரும் ரெஸ்யூம் அளவுருவில் ஸ்வாப்பின் முகவரியைக் கொடுத்து, இனிட்ராம்-எஃப்எஸ்ஸை (பூட்டிங்கின் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) புதுப்பிக்க வேண்டும்.

கெட்டுப்போகும் இடங்கள் நான்கு:

- ரூட் (லினக்ஸ் இருக்கும் பார்டிஷன்) பூட்டியிருக்கும், பழைய ஸ்வாப் பார்டிஷன் மட்டும் பூட்டாமல் தனியே கிடக்கும். வழி 2-இன் ஆபத்து முழுவதும் திரும்பி வந்துவிடும்.
- ஸ்வாப்பை ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் புதிய தற்செயல் சாவியால் பூட்டும் அமைப்பு. பாதுகாப்புக்கு மிக நல்லது. ஆனால் மின்சாரம் போனதும் சாவியும் போய்விடும். படத்தைத் திறக்க முடியாமல் கணினி புதிதாகப் பூட் ஆகும். சேமிக்காத வேலை போய்விடும்.
- ஃபெடோரா போல ஸ்வாப்பை இசட்-ரேமில் வைக்கும் அமைப்புகள். அது ரேமுக்குள்ளேயே இருப்பதால் படம் எழுத இடமே இல்லை.
- செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆகவிடும் பாதுகாப்பு). அது இயங்கும்போது டெபியன், உபுண்டு, ஃபெடோரா கெர்னல்கள் லாக்டவுன் நிலைக்குப் போய் ஹைபர்நேட்டைத் தடுத்துவிடும், படம் மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க வழி இல்லாததால். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

கடைசிச் சிக்கலில் மாட்டியவர்களுக்கு டெபியனில் கிரிப்ட்செட்டப்-சஸ்பெண்ட் என்ற பொதி உண்டு. ஸ்லீப்புக்குப் போகும்முன் லக்ஸ் சாவியை ரேமிலிருந்து துடைத்துவிடும். சாவி மட்டும்தான் போகும். திறந்திருந்த ஆவணமும் குக்கிகளும் ரேமில் இருக்கும். அரைத் தீர்வு என்று தெரிந்தே பயன்படுத்துங்கள்.

### மறைந்திருக்கும் செலவு

எழ 10 முதல் 30 நொடி ஆகலாம். ஹைபர்ஃபில் வழக்கமாக ரேமில் 40 சதவீத இடத்தைப் பிடிக்கும்: 16 ஜி.பி.க்கு 6.4 ஜி.பி. எஸ்.எஸ்.டி. தேய்ந்துவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. நாளுக்கு இரண்டு முறை, முறைக்கு 6 ஜி.பி., ஆண்டுக்கு 300 நாள் என்று கணக்கிட்டால் 3.6 டி.பி. வருகிறது. நல்ல 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி.க்கு 300 டி.பி. எழுதும் வரை உத்தரவாதம் தருகிறார்கள். தயங்க இது காரணமே இல்லை.

உண்மையான செலவு வேறு: மறதி. லக்ஸ் கடவுச்சொல்லை மறந்தால் டிஸ்க் போனது போனதுதான். பிட்லாக்கரில் 48 இலக்க ரெக்கவரி கீ ஒன்று தருவார்கள். பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு அதைக் கேட்கக்கூடும். தாளில் அச்சிட்டு, கணினிப் பையில் அல்லாமல் வீட்டில் வையுங்கள்.

எப்போது சரி: பிறர் தரவை வைத்திருப்பவர், பத்து ஜன்னல்களைத் திறந்து வேலை செய்பவர், கணினியோடு பயணம் செய்பவர். இந்தியாவில் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு எடுக்காதவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அபராதத்தைவிட, நம்பித் தந்தவர்களுக்கு நேரும் கேடு பெரிது.

## வழி 5: முழு ஷட் டவுன்

படமே எழுதப்படாவிட்டால் கசியவும் ஒன்றுமில்லை. பூட்டிய டிஸ்க்கோடு சேர்ந்தால் இதுவே மிகப் பாதுகாப்பானது. ஆனால் விண்டோஸ் 8 முதல் ஒரு கண்ணி உண்டு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் என்று அழுத்தினால், உங்கள் செஷனை மூடிவிட்டு கெர்னலை மட்டும் ஹைபர்நேட் செய்கிறது. அதாவது ஹைபர்ஃபில் மீண்டும் எழுதப்படுகிறது. பவர் ஆப்ஷன்ஸில் அதை நிறுத்துங்கள். ஹைபர்நேட்டே வேண்டாம் என்றால் பவர்சிஎஃப்ஜி கட்டளையை "ஸ்லாஷ் எச் ஆஃப்" என்று ஓட்டினால் இரண்டும் போய், ஹைபர்ஃபில் கோப்பும் நீக்கப்படும்.

செலவு, திறந்திருந்த எல்லாவற்றையும் மறுபடி திறக்கும் நேரம். அந்தச் சலிப்பில்தான் பலர் "இன்று மட்டும் ஸ்லீப்" என்கிறார்கள்.

எப்போது சரி: எல்லை தாண்டும் பயணம், ஹோட்டல் அறையில் கணினியை விட்டுச் செல்வது, பழுதுபார்க்கக் கொடுப்பது. அப்போது வழி 4-ஐயும் நம்ப வேண்டாம், அணைத்தே கொடுங்கள்.

## மேக் வைத்திருப்பவர்களுக்கு

இன்டெல் மேக்புக்குகளில் வழக்கமான ஹைபர்நேட்-மோட் 3. படத்தை எழுதிவிட்டு ரேமுக்கும் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். பிஎம்செட் கட்டளையால் 25 என்று மாற்றினால் ரேம் அணையும். ஸ்டாண்ட்பையில் ஃபைல்வால்ட் (மேக்கின் டிஸ்க் குறியாக்கம்) சாவியை அழிக்கும் அமைப்பையும் சேர்த்து 1 ஆக்க வேண்டும். ஆப்பிள் சிலிக்கான் கணினிகளில் ரேம் பிராசசரோடு ஒரே பொதியில் இருக்கிறது. அங்கே ஃபைல்வால்ட்டை இயக்குங்கள், ஆபத்தான பயணத்தில் முழுவதும் அணையுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | மூடியிருக்கும்போது சாவி | டிஸ்க்கைக் கழற்றினால் | எழுப்பக் கேட்பது | திரும்பும் நேரம் |
|---|---|---|---|---|
| ஸ்லீப் (பூட்டிய டிஸ்க்) | ரேமில் | ஒன்றும் தெரியாது | லாக் ஸ்க்ரீன் மட்டும் | 1–3 நொடி |
| ஹைபர்நேட், பூட்டாத டிஸ்க் | டிஸ்க்கில், திறந்தபடி | எல்லாம் தெரியும் | லாக் ஸ்க்ரீன் மட்டும் | 10–30 நொடி |
| ஹைபர்நேட், டி.பி.எம். மட்டும் | டி.பி.எம். காவலில் | ஒன்றும் தெரியாது | லாக் ஸ்க்ரீன் மட்டும் | 10–30 நொடி |
| ஹைபர்நேட், பின் எண் அல்லது லக்ஸ் | கடவுச்சொல் இன்றிக் கிடைக்காது | ஒன்றும் தெரியாது | கடவுச்சொல் | 10–30 நொடி, தட்டும் நேரம் தனி |
| முழு ஷட் டவுன், கடவுச்சொல்லோடு | கடவுச்சொல் இன்றிக் கிடைக்காது | ஒன்றும் தெரியாது | கடவுச்சொல் | பூட் நேரம், வேலையைத் திறக்கும் நேரம் |

## அமைத்தது வேலை செய்கிறதா என்று பார்க்க

ரெக்கவரி கீயைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஏதாவது ஓர் ஆவணத்தைத் திறந்த நிலையில் மூடியை மூடுங்கள். விளக்குகள் எல்லாம் அணைந்து, மின்விசிறி நின்ற பிறகு, லினக்ஸ் லைவ் யு.எஸ்.பி.யிலிருந்து பூட் செய்து டிஸ்க்ஸ் என்ற செயலியைத் திறக்கவும். ஒவ்வொரு பார்டிஷனையும் பாருங்கள். எதையும் மவுன்ட் செய்ய வேண்டாம். ஹைபர்நேட்டில் இருக்கும் டிரைவில் எழுதினால் கோப்புகள் சிதையும். விண்டோஸ் டிரைவுக்கு எதிரே பிட்லாக்கர் என்றும், லினக்ஸ் என்றால் ரூட்டும் ஸ்வாப்பும் லக்ஸ் என்ற பூட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். வெறும் "ஸ்வாப்" என்று தனியே ஒரு வரி தெரிந்தால், உங்கள் ரேமின் முழுப் படமும் அந்த வரியில் பூட்டாமல் கிடக்கிறது. யு.எஸ்.பி.யை எடுத்துவிட்டு மறுபடி இயக்குங்கள். ஆவணம் திரும்பி வருமுன் கடவுச்சொல்லோ பின் எண்ணோ கேட்க வேண்டும். கேட்காமல் நேராக லாக் ஸ்க்ரீனுக்கு வந்தால் நீங்கள் இருப்பது இன்னும் வழி 3-இல்.